எஞ்சினியர் வேலையை விட்டு நீ பார்க்கப் போன வேலை

தம்பி,

எங்களை ஏற்றிக்கொண்டு வர நீ அனுப்பிய ஜீப்பு நேற்றுக் காலையில் வந்தது. டிரைவரை உட்காரவைத்து உன் அம்மா இட்லி கொடுத்தாள். அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மூட்டை முடிச்செல்லாம் எங்கே என்று கேட்டார். மூட்டையும் இல்லை, ஆளும் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம். வெறும் ஜீப்பு மலைமெட்டு ஏறி வந்து நின்றபோது உனக்குக் கோபம் வந்திருக்கும். உன் மாமனாருக்கு நாலு பேர் முன்னால் கௌரவக் குறைச்சலாக இருந்திருக்கும். வயதான காலத்தில் போடி வெயிலில் கிடந்து காயவேண்டாம், பங்களாவில் எங்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன் என்று பிரியமாகத்தான் எழுதியிருந்தாய். அந்தப் பிரியத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் நான் அங்கே வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியவேண்டும். உறையை ஒட்டாமல்தான் இதை மலைக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். உன் மாமனாரும் படிக்கட்டும்.

நான் இத்தனை வருடம் டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவன். மருந்து கலக்குவது மட்டும் என் சோலி இல்லை என்று உனக்குத் தெரியும். மலையிலிருந்து அட்டை கடித்துப் புண் புரையோடிய காலோடு வருவார்கள். கட்டைப் பிரித்தால் புழு இருக்கும். வாந்தி, பேதி, சீழ், ரத்தம் எல்லாவற்றையும் இந்தக் கையால் துடைத்திருக்கிறேன். துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு தின்றிருக்கிறேன். ஒருநாள்கூட எனக்குக் குமட்டியதில்லை. உடம்பில் வருகிற அழுக்கு கழுவினால் போய்விடும் என்று டாக்டர் சொல்வார். அப்படிப்பட்டவனுக்கு, உன் பங்களா வராந்தாவில், வாழை இலையில் வைத்த கேசரியைப் பார்த்து வயிற்றைப் புரட்டியது. பாதியில் எழுந்து போய்விட்டேன். மலையேறி வந்தது பித்தம் தூக்கிவிட்டது என்று சம்பந்தியம்மாள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பித்தம் இல்லை தம்பி. அது நீ பார்க்கிற வேலை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ எஞ்சினியர் வேலையை விட்டுவிட்டாய் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. உலகச் சண்டையின்போது பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தை மறுபடியும் போட்டு, மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்த சமயம்தான் நீயும் மெட்ராஸில் படிப்பை முடித்துவிட்டு அந்த ரயிலில் வந்து இறங்கினாய். நம் தெருவில் முதல் எஞ்சினியர். உன் பெரியப்பா ஸ்டேஷனுக்கு மாலையோடு வந்து நின்றார். அதே பெரியப்பா, ரோடு டிப்பார்ட்மெண்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு நீ வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தபோது, நம் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, எஞ்சினியருக்குப் படித்தவன் ஏலக்காய் பொறுக்கப் போகிறானா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசினார். நீ உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாய். நான் உன் பக்கத்தில் வந்து என்ன நடந்தது என்று கேட்டேன். பாலம் கட்டத்தான் படித்தேன், அங்கே பழைய பில்லைப் பார்த்துப் புதுப் பில்லு எழுதத்தான் விடுகிறார்கள் என்றாய். ஒரு ஓடைக்கு நீயே யோசித்து வரைந்த பாலத்தை மேலதிகாரி பார்க்காமலே மடித்து அலமாரியில் வைத்துவிட்டாராம். உனக்குப் பிடிக்காத இடத்தில் நீ இருக்கவேண்டாம் அப்பு, படிப்பு உன்னுடையது, அதை வைத்து எந்த வேலை வேண்டுமானாலும் பார் என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

உன்னோடு படித்த ஞானமுத்துவை நினைத்துப் பார். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாரே, அவர் மகன். அவனும் எஞ்சினியர்தான். கரண்டு படிப்பு. அவன் நாடகக் கம்பெனியில் விளக்குப் போடுகிற ஆளாகப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டதும் அவன் அப்பா ஒரு மாதம் வேதக்கோயிலுக்கே போகவில்லை. ஜெபத்தில் எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கூச்சம். போன கோடையில் அந்தக் கம்பெனி தேனிக்கு வந்தபோது நானும் அவரும் பஸ்ஸேறிப் போனோம். ஒரு காட்சியில் ஒரு பெண் தன் செத்துப்போன பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேச்சே இல்லை. பின்னால் இருந்து மெதுவாக விடிய ஆரம்பிக்கிறது. நீலமாக இருந்தது சாம்பலாகி, சாம்பல் சிவந்து, அவள் முகத்தில் வெளிச்சம் வந்து விழுகிற நேரத்தில் அந்தக் கொட்டகையில் ஒரு ஆள் இருமவில்லை. ஜவுளிக்கடைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த விடியலை எம்மகன் செஞ்சான் என்று பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒருவரிடம் சொன்னார். எஞ்சினியர் படித்தவன் எஞ்சினியராகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று எனக்கு அன்றைக்கு நன்றாகவே விளங்கியது. அதனால் படிப்பை வீணாக்கிவிட்டாய் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. நீ அதை வீணாக்கவில்லை. வீணாக்கியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

உனக்குப் பெண் கொடுத்து, மெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் ஏலத்தோட்டத்துக்கு உன்னையே மேனேஜராக வைத்துக்கொள்கிறேன் என்று உன் மாமனார் வந்து கேட்டபோது நான் சந்தோஷப்பட்டேன். கனகம் நல்ல பெண். வேலையும் கௌரவமான வேலை. நீ தொப்பியும் பூட்ஸுமாக வந்து இறங்கினால் உன் அம்மா திருஷ்டி சுற்றிப் போடுவாள். போன சித்திரையில் நீ வந்திருந்தபோது, தோட்டத்துக்கு மேலே காட்டிலிருந்து வருகிற ஓடையை மறித்து ஒரு தடுப்பணை கட்டிவிட்டதாகவும், அங்கேயிருந்து குழாய் இறக்கி, பங்களாவுக்கும் காய் காயவைக்கிற ஸ்டோருக்கும் தண்ணீர் தானாக வந்து விழுவதாகவும், மோட்டாரும் இல்லை, எண்ணெய்ச் செலவும் இல்லை, மலைச்சரிவே வேலை செய்கிறது என்றும் சொன்னாய். கையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாய். டிப்பார்ட்மெண்டில் மடித்து வைத்த பாலத்துக்கு இது பதில் என்று நினைத்து எனக்கும் மனம் நிறைந்தது.

அதற்கப்புறம் வைகாசி பிறந்ததும் டிஸ்பென்சரிக்கு மலையாட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் ஒரே வியாதி, ரத்தபேதி. ராசிங்காபுரத்திலிருந்து மலைக்கு வேலைக்குப் போனவள் ஒருத்தி, ராக்காயி என்று பெயர், தன் சின்ன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளை துணிபோலத் தொங்கியது. என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்கச் சொன்னார், கேட்டேன். "ஓடை வத்திப்போச்சுய்யா. மேல அணையக் கட்டித் தண்ணிய எடுத்துக்கிட்டாக. நாங்க குழி தோண்டி ஊறுறத மோந்து குடிக்கிறோம்" என்றாள். யார் கட்டியது என்று கேட்டேன். புது மேனேஜர், எஞ்சினியருக்குப் படித்தவராம் என்றாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மருந்தைக் கலக்கிக் கொடுத்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கு மத்தியானமே உனக்குத் தபால் எழுதிப் போட்டேன். உனக்கு நினைவிருக்கும். அணை கட்டும்போது கீழே லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கிற கூலியாட்களை நினைக்க விட்டுப்போயிருக்கும், உடனே அவர்களுக்கும் ஒரு வழி செய் என்று எழுதினேன். நீயும் வெரசாகவே பதில் போட்டாய். விட்டுப்போனது தப்புதான், லயத்துக்கு நடுவில் ஒரு குழாய் வைத்துக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய்.

அந்தக் கார்டை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். டாக்டரிடம் காட்டினேன். மருந்து வாங்க வந்தவர்களிடம் படித்துக் காட்டினேன். மகளைக் காட்டிப்போக ராக்காயி மறுபடி வந்தபோது, அந்த எஞ்சினியர் எம்மகன்தான் ஆத்தா என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது. அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு சொல்லாமல் போய்விட்டாள். கூச்சப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உன் மகளுக்குப் பேர் வைக்கிற விசேஷத்துக்கு நானும் உன் அம்மாவும் மேலே வந்தோம். சுற்று வட்டாரத்து எஸ்டேட்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பங்களா முன்னால் புதிதாக ஒரு தொட்டி கட்டி, அதன் நடுவில் சிமெண்டுக் கொக்கு ஒன்றை நிறுத்தியிருந்தாய். சாயங்காலம் எல்லாரையும் சுற்றி நிற்கவைத்து நீ எதையோ திருகினாய். கொக்கின் அலகிலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு அடித்தது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கனகம் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள், சாரல் பட்டுப் பிள்ளை முகத்தைச் சுளித்தது, எல்லாரும் சிரித்தோம். உன் மாமனார் என் தோளில் கைபோட்டு, சம்பந்தி, உங்கள் மகன் மூளைக்கு மெட்ராஸ் பற்றாது என்றார்.

மறுநாள் விடிந்ததும் எனக்கு அந்த லயத்துக் குழாயைப் பார்க்க ஆசை வந்தது. கொக்கைவிட அதுதான் என் மனசில் இருந்தது. என் ஒரு கடுதாசிக்காக என் மகன் வைத்த குழாய் அல்லவா. பனி விலகவில்லை. ஏலச்செடிகளுக்கு நடுவே வழி கேட்டு இறங்கிப் போனேன். குழாயைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக இருந்தன. பெண்கள் குந்தியிருந்தார்கள். குழாயில் ஒரு சொட்டு இல்லை. ராக்காயி அங்கே இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். தண்ணீரை வெள்ளம் என்று மலையில் சொல்கிற மாதிரியே, வெள்ளம் எப்போது வரும் என்று கேட்டேன். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணுகிறார்களே, பெரட்டு, அது முடிந்தால் வரும் என்றாள். முடிந்ததும் ஏன், அதற்கு முன்னால் ஏன் வராது என்று எனக்கு விளங்கவில்லை. அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "ஆபீசுக்குப் பக்கத்துல பெட்டிக்குள்ள திருப்பு இருக்குய்யா. லயத்துல இருக்கிற எல்லாரும் பெரட்டுக்கு வந்து நின்னாத்தான் தொறப்பாக. ஒரு ஆளு கொறைஞ்சாலும் அன்னைக்கு யாருக்கும் தண்ணி கெடையாது."

நேற்று கிடைத்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவள் வீட்டுக்காரன் மாயாண்டிக்குக் காய்ச்சல், அவன் வரவில்லை. அதனால் அந்த லயம் முழுவதற்கும் தண்ணீர் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் கொக்கு பீய்ச்சியடித்ததே, அந்த நேரத்தில் இவர்கள் பழைய குழியில் சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து ஆட்கள் மாயாண்டி வீட்டுக்குள் போனார்கள். உள்ளே சத்தம் கேட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கம்பளியோடு, அக்குளில் கை கொடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவனுக்குக் கால் ஊன்றவில்லை. கண் மேலே சொருகியிருந்தது. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதில் ஒருவன் மாயாண்டியின் கூடப்பிறந்த தம்பி என்று பின்னால் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்னுருண்ணே, எண்ணி முடிச்சதும் கொண்டாந்து படுக்கவச்சிர்றோம் என்று அவன்தான் கெஞ்சிக்கொண்டு போனான். ராக்காயி தடுக்கவில்லை. அவளும் ஒரு குடத்தைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டுத்தான் அவன் பின்னால் போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் கனைத்தது. காற்று வந்தது, பிறகு துருநிறத்தில் தண்ணீர் வந்தது, பிறகு தெளிந்து வந்தது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். குடத்தை நிமிர்த்திய ஒரு கிழவி என்னைப் பார்த்து, உங்க மகன் நல்லா இருக்கணும்ய்யா என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே வாழ்த்தினாள்.

நான் நேராக வராந்தாவுக்கு வந்தேன். நீயும் உன் மாமனாரும் வந்தவர்களும் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் இலை போட்டார்கள். கேசரி வைத்தார்கள். நான் உன்னிடம் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். நீ மறைக்கவில்லை. முகம் மாறவுமில்லை. அன்றைக்குக் கையில் கோடு போட்டுக் காட்டினாயே, அதே மாதிரி பொறுமையாக எனக்கு விளக்கினாய்.

"அப்பா, முன்னாடி இங்கே கங்காணி தடியோட லயத்துக்குள்ளே போய் ஆளைக் கிளப்புவான். இப்ப யாரும் யாரையும் அடிக்கிறதில்லை, திட்டுறதில்லை. ஒரு வால்வு. அவ்வளவுதான். அவங்களே ஒருத்தரை ஒருத்தர் கூட்டிட்டு வந்துடறாங்க."

காய் எடுக்கிற பருவத்தில் ஒரு ஆள்கூடக் குறையவில்லை என்று உன் மாமனார் சொல்லிச் சிரித்தார். வந்திருந்தவர்களில் ஒருவர், எங்கள் தோட்டத்துக்கும் வந்து இப்படி ஒன்று அமைத்துத் தரவேண்டும் என்று உன்னைக் கேட்டார். இன்னொருவர் தனக்கும் என்றார். நீ தலையாட்டினாய். எனக்குக் கேசரியின் நெய்வாசம் மூக்கில் ஏறியது. எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் நின்றேன். அங்கேயும் குழாய் இருந்தது. வாய் கொப்பளிக்கக் கையை நீட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன்.

மாயாண்டியைக் கீழே கூட்டிக்கொண்டு போகிறேன், ஜீப்பு வேண்டும் என்று கேட்டேன். தாராளமாகக் கூட்டிப் போங்கள் என்று உடனே கொடுத்தாய், போர்வைகூடக் கொடுத்தனுப்பினாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை தம்பி. நீ கொடுமைக்காரனாக மாறியிருந்தால், கள் குடித்துவிட்டு ஆளை மிதிக்கிறவனாக இருந்திருந்தால், எங்கேயோ கெட்டுப்போய்விட்டான் என்று அழுதுவிட்டுப் போயிருப்பேன். நீ கெடவே இல்லை. அதே நல்ல பிள்ளையாக, அதே மெதுவான பேச்சோடு, நோயாளிக்குப் போர்வை கொடுக்கிற கையாலேயே அந்தப் பெட்டியைப் பூட்டுகிறாய். இரண்டும் ஒரே கை என்று உனக்குத் தோன்றவில்லை.

மாயாண்டிக்கு வந்தது குடற்காய்ச்சல். டாக்டர் தன் டிஸ்பென்சரி பின்கட்டிலேயே கட்டில் போட்டு வைத்துக்கொண்டார். பிழைத்துக்கொண்டான். ஆனால் நான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு மேலே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து ராக்காயி மகளோடு கீழே வந்து சேர்ந்தபோதுதான் சொன்னாள். மாயாண்டி வராததால் பெரட்டில் ஆள் குறைந்தது. நான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதற்காக லயத்துக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. முதல் நாள் பொறுத்திருக்கிறார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ராக்காயியின் அடுப்பை மிதித்து உடைத்திருக்கிறார்கள். மாயாண்டியின் தம்பி உன் ஆபீசுக்கு வந்து, அண்ணன் திரும்பி வரமாட்டான், பேரை எடுத்துவிடுங்கள் சாமி என்று கேட்டிருக்கிறான். நீயும் எடுத்துவிட்டாய். பேரை எடுத்ததும் கணக்கு சரியாகிவிட்டது. கணக்கு சரியானதும் தண்ணீர் வந்துவிட்டது. பேர் இல்லாத குடும்பத்துக்கு லயத்தில் வீடு கிடையாது, அதனால் இவள் இறங்கி வந்துவிட்டாள். இதில் யாரும் கையை ஓங்கவில்லை, குரலை உயர்த்தவில்லை, உன் கணக்கு தன்பாட்டில் வேலை செய்திருக்கிறது. நான் ஒரு நோயாளிக்கு வைத்தியம் பார்க்கப்போய், ஒரு லயத்தையே நாக்கு வறளவிட்டு, ஒரு கூடப்பிறந்தவனை அண்ணன் பேரை அடிக்கச் சொல்லிக் கெஞ்சவைத்திருக்கிறேன். என்னையும் சேர்த்து அந்தத் திருப்புக்குள் மாட்டிவிட்டாயே அப்பு. இந்தக் கையை நான் எதைப் போட்டுக் கழுவுவது.

இங்கே ஊரில் கேட்கிற பேச்சு அதைவிடக் கேவலம். எஸ்டேட்காரர்கள் சொல்லி விஷயம் பஜாருக்கு இறங்கிவிட்டது. ஏலக்காய் மண்டிக்காரர் ஒருவர் டிஸ்பென்சரிக்கே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தடியில்லாமல் ஆள் பிடிக்கிற வித்தையைக் கண்டுபிடித்துவிட்டானாமே என்றார். உன் பெரியப்பா இருக்கிறாரே, ஏலக்காய் பொறுக்கப் போகிறானா என்று வாசலில் நின்று கேட்டவர், இப்போது தன் பேரனையும் எஞ்சினியருக்குப் படிக்கவைத்து உன்னிடம் அனுப்பப் போகிறாராம், கூட வைத்துக்கொள்ளச் சொல்லி எழுது என்கிறார். இந்த வாய்கள் உன்னை ஏசியபோது எனக்கு வலிக்கவில்லை. புகழும்போது காறித் துப்பவேண்டும்போல இருக்கிறது.

உன் அம்மாவிடம் நான் எதையும் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். பேர் வைத்த பிறகும் அவள் அங்கே தங்கி, பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, கனகத்துக்குப் பத்தியம் சமைத்துவிட்டு வந்தவள். திரும்பி வந்ததிலிருந்து அவளுக்கு அந்தப் பிள்ளையின் பேச்சுத்தான். ஜீப்பு வரப்போகிறது என்று உன் கடிதம் வந்ததும் புடைவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏன் உங்கள் வேட்டி சட்டையை எடுத்துத் தரமாட்டேனென்கிறீர்கள் என்று கேட்டாள். அப்போதுதான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். உன்னைத் திட்டுவாள், இல்லை என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். பெட்டியைத் திறந்து, மடித்த புடைவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "பிள்ளைக்கு அத்தனை நாளும் நான் ஊத்தின தண்ணி அதுதானா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நேற்றுக் காலையில் டிரைவரிடம் நாங்கள் வரவில்லை என்று சொன்னது நான் இல்லை. அவள்தான்.

உனக்கு நான் புத்தி சொல்லவேண்டிய வயது தாண்டிவிட்டது. இருந்தாலும் அப்பன் என்பதால் சொல்கிறேன். அந்த வேலையை விட்டு வா. திரும்பி டிப்பார்ட்மெண்டுக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. உனக்குக் கணக்கு வரும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடு. உனக்குப் படம் வரையக் கை உண்டு, ஞானமுத்துவின் கம்பெனியில் ஆள் கேட்கிறார்களாம், சீன் படுதா எழுதப் போ. ஒரு லாரியை வாங்கி லோடு அடி. உன் மாமனார் தோட்டத்தில்தான் இருக்கவேண்டும் என்றால் குனிந்து காய் எடு, அட்டைக்குச் சுண்ணாம்பு வைத்துவிட நான் வருகிறேன். எதைச் செய்தாலும் உன்னை எஞ்சினியர் என்றுதான் ஊரில் சொல்வேன். ஒரு சரிவைப் பார்த்துத் தண்ணீர் எப்படி ஓடும் என்று யோசிக்கத் தெரிந்த பிள்ளை, மனுஷன் தாகத்தில் எப்படி ஓடுவான் என்று யோசித்து அதற்கு வாய்க்கால் வெட்டினானே, அந்த ஒரு வேலையை மட்டும் பார்க்காதே. அதைப் பார்க்கிறவனுக்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. டிஸ்பென்சரியில் யாராவது, மகன் என்ன செய்கிறார் என்று கேட்டால் மருந்துப் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

மாயாண்டியும் ராக்காயியும் இப்போது ராசிங்காபுரத்தில் இருக்கிறார்கள். அவள் களை எடுக்கப் போகிறாள். அவன் இன்னும் நடக்கிறபோது சுவரைப் பிடித்துக்கொள்கிறான். அவன் தம்பி அங்கேயே உன் லயத்தில் இருக்கிறான், அண்ணனைப் பார்க்க இன்னும் வரவில்லை. வர முகம் இல்லை என்று ஆளிடம் சொல்லியனுப்பினானாம். அவனைக் கூப்பிட்டு நீ பேசவேண்டும். அது தனி.

நீ இங்கே வரலாம். கனகத்தையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம். அவர்கள் இருவருக்கும் இந்த வீட்டில் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். பெட்டியைத் திறந்து விட்டுவிட்டேன், இனிமேல் எந்நேரமும் தண்ணீர் வரும் என்று வந்து சொல்லாதே. திறந்ததை மூட ஒரு நிமிஷம் ஆகாது. சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுக்காதே, சாவி இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். குழாயை நறுக்கி, அந்த வால்வையே கழற்றி, இரண்டு முனையையும் நேராகச் சேர்த்துப் பற்றவைத்துவிட்டு, கழற்றியதைக் கையில் எடுத்துக்கொண்டு வா. எப்படிக் கழற்றுவது என்று உனக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம், அதற்குத்தான் உன்னைப் படிக்கவைத்தேன். அதைக் கொண்டாந்து என் முன்னால் வை. அன்றைக்கு உன்னை உள்ளே கூப்பிடுகிறேன்.

அப்பா